ஐப்பசி இரவில் கரைத்தூண்டில் – புத்தளம் மாவட்டக் கரையோரம்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
பாட அலகு: காலநிலையும் கடற்றொழிலும்



இலங்கையின் மீன்பிடித் தொழில் பற்றி வினா வரும்போது பலர் ஆழ்கடல், கரையோரம், உள்நாட்டு நன்னீர் என்று மூன்று தலைப்புகளை இட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். கரையோர மீன்பிடி என்ற தலைப்பின் கீழ் வரும் மிகச் சிறியதொரு பகுதியை இங்கே எடுத்துக்கொள்வோம். வள்ளமும் இயந்திரமும் இன்றி, கரையில் நின்றபடியே, இரவில், ஒக்டோபர் – நவம்பர் மாதங்களில் மீன்பிடித்தல். இடம் புத்தளம் மாவட்டக் கரையோரம்.

சிறியது என்று தள்ளிவிட வேண்டாம். காற்று, மழை, களப்பு, வற்றுப்பெருக்கு, மீனின் உடலமைப்பு ஆகிய யாவும் சந்திக்கும் இடம் இது. ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றவற்றையும் எழுத முடியும்.

இடத்தை முதலில் படத்தில் பாருங்கள்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் தெற்கே மா ஓயாவின் முகத்துவாரத்தில் தொடங்கி, சிலாபம், உடப்பு, கற்பிட்டி வழியாக வில்பத்துக் காட்டின் மேற்குக் கரை வரை செல்கின்றது. சிலாபத்துக்கு அருகே தெதுறு ஓயா கடலில் விழுகின்றது. உடப்பு ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்பும் அமைந்த ஒடுங்கிய நிலத்தில் உள்ளது. கரைவலைக்கும், வலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களுக்கும் பெயர்பெற்ற தமிழ்க் கிராமம் அது.

வடக்கே கற்பிட்டிக் குடாநாடு. அலையும் நீரோட்டமும் மணலை வடக்கு நோக்கி நகர்த்தி உருவாக்கிய நீண்ட மணல் நாக்கு இது. இதற்கும் பெருநிலத்துக்கும் இடையில் புத்தளம் களப்பு காணப்படுகின்றது. பரப்பளவு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். பெரும்பகுதியின் ஆழமோ ஒன்றிரண்டு மீற்றர் மாத்திரமே. கலா ஓயாவும் மீ ஓயாவும் இதில் கலக்கின்றன. வாய் வடக்கே திறந்துள்ளது. (பாடநூலில் கடனீரேரி என்ற சொல்லைக் காண்பீர்கள். விடையில் எதை எழுதினாலும் சரி. ஆனால் ஒரே விடையில் இரண்டையும் கலந்து எழுதி, இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்ற மயக்கத்தை உண்டாக்க வேண்டாம்.)

எமக்கு இலையுதிர்காலம் உண்டா?

தூண்டில் மீன்பிடி பற்றிய வெளிநாட்டு நூல்களைப் புரட்டினால், இலையுதிர்கால இரவே கரையில் நின்று மீன்பிடிக்கச் சிறந்த நேரம் என்ற கருத்தைக் காணலாம். இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அது பொருந்தும். அங்கு செப்டெம்பருக்குப் பின்னர் கடல்நீர் குளிர்கின்றது. குளிர்நீரை விரும்பும் கொட் என்னும் மீன் அந்த மாதங்களில் கரையை அண்டி வரும். இரவும் நீள்கின்றது. இலண்டனில் யூன் மாத இரவு ஏறத்தாழ ஏழரை மணித்தியாலம். டிசெம்பரில் அது பதினாறு மணித்தியாலம்.

இதையே எமது கரைக்கும் எழுதலாமா? எழுதக்கூடாது. புத்தளம் வட அகலக்கோடு 8 பாகையை அண்டியுள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட இரவுக்கும் மிகக் குறுகிய இரவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. கடல்நீரும் ஆண்டு முழுவதும் வெப்பமாகவே இருக்கும். ஆகவே ‘நீர் குளிர்வதால் மீன் கரைக்கு வருகின்றது’ என்று எழுதுபவர் வேறு நாட்டின் காரணத்தை எமது நாட்டின் விளைவுக்கு ஒட்டவைக்கின்றார்.

விளைவு ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு. எமது கரையில் ஐப்பசியை மாற்றுவது வெப்பநிலை அன்று, காற்றும் மழையுமே.

சோளகம் ஓயும்போது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று வீசுகின்றது. கடற்றொழிலாளர் இதனைச் சோளகம் என்பர். கொழும்பு, இரத்தினபுரிப் பகுதிகளுக்கு மழையைக் கொண்டுவரும் இக்காற்று, புத்தளத்துக்குப் பெரிதாக மழை தருவதில்லை. ஆனால் காற்றின் வேகத்துக்குக் குறைவில்லை. 2010 ஆம் ஆண்டு கற்பிட்டிப் பக்கம் மாம்புரியில் காற்றாலை மின் நிலையம் இயங்கத் தொடங்கியதற்கு இவ்வேகமே காரணம்.

மின் உற்பத்திக்கு நல்லதான அதே காற்று கரைத்தொழிலுக்கு எதிரி. திறந்த கடலிலிருந்து வரும் அலை நேரே கரையில் மோதுகின்றது. நீர் கலங்குகின்றது. வீசிய தூண்டிலை அலை திரும்பக் கரையில் கொண்டுவந்து போடும். கரைவலையை வளைக்கவும் முடியாது. மேற்குக் கரைத் தொழிலாளர் பலர் இம்மாதங்களில் கிழக்கு, வடகிழக்குக் கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வது நீண்டகால வழக்கம். அங்கு அப்போது கடல் அமைதி. போக வசதியில்லாதவர் வீட்டிலேயே இருப்பார். கடைக் கடனும் கூடவே இருக்கும்.

ஒக்டோபரில் இரண்டாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம் தொடங்குகின்றது. சோளகம் தளரும், வாடைக்காற்று இன்னும் முழுமையாக எழவில்லை. இரு காற்றுகளுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில் மேற்குக் கடல் தணிகின்றது. பின்னர் வாடை எழுந்தாலும் அது நிலத்தின் பக்கமிருந்து வருவதால், மேற்குக் கரையில் பேரலைகளை எழுப்புவதில்லை. இதனாலேயே மேற்குக் கரையின் கரைவலைப் பருவம் ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரை நீடிக்கின்றது. கரைத்தூண்டிலும் அதே கதவால்தான் உள்ளே வருகின்றது.

மழையும் களப்பும்

புத்தளம் நகரை அண்டிய பகுதி உலர் வலயத்தைச் சேர்ந்தது. அதன் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலேயே கிடைக்கின்றது. அதற்கு முந்திய வரட்சி மாதங்களில் களப்பின் சில பகுதிகளில் நீர் ஆவியாகி, கடல்நீரைவிடவும் உவர்ப்பு மிகுந்ததாகின்றது. பாலாவிப் பகுதியில் உப்பளங்கள் அமைந்ததும் இதே வரட்சியின் துணையுடனேயே.

முதல் பெருமழையுடன் நிலைமை மாறுகின்றது. ஓயாக்கள் சேறு, இலைக்குப்பை, ஊட்டப்பொருள்கள் யாவற்றையும் அள்ளி வருகின்றன. வரட்சியில் அலை கொண்டுவந்து குவித்த மணலால் ஒடுங்கியோ மூடியோ போன சிறு முகத்துவாரங்கள் வெள்ளத்தின் தள்ளுகையால் திறக்கின்றன. உள்ளே அடைபட்டிருந்த நீர் வெளியேறும்போது அதனுடன் வளர்ந்த இறால்களும் சிறுமீன்களும் கடலுக்குச் செல்கின்றன.

இங்கே இறாலைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது பயனுடையது. வெள்ளை இறால் போன்றவை கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களுக்கும் கடற்புற்களுக்கும் இடையில் வளர்கின்றன. ஓரளவு வளர்ந்ததும் மறுபடியும் கடலுக்குப் புறப்படுகின்றன. இப்பயணம் பெரும்பாலும் இரவில், நீர் வற்றும் நேரத்தில் நிகழும். வெளியேறும் நீரோட்டம் அவற்றைச் சுமந்து செல்கின்றது. இருள் அவற்றை மறைக்கின்றது. ஆனால் வாசலில் கொடுவா, பாரை, கெளிறு போன்ற இரைகௌவி மீன்கள் காத்திருக்கின்றன. இதை அறிந்த மனிதனும் தூண்டிலுடன் அதே வாசலுக்கு அருகே காத்திருக்கிறான்.

கண்டல்கள் வெட்டப்பட்ட இடத்தில் இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி அறுகின்றது. 1980களிலிருந்து இம்மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது கண்டல் நிலங்கள் பல அழிக்கப்பட்டன. பின்னர் நோய்கள் பரவிப் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. பண்ணையும் இல்லை, கண்டலும் இல்லை என்ற நிலையில் விடப்பட்ட குளங்களை இன்றும் காணலாம். ‘கண்டல் அழிவின் விளைவுகள்’ என்ற வினாவுக்கு மண்ணரிப்பை மட்டும் எழுதாமல், கரையில் தூண்டில் போடுபவரின் பறி வெறுமையாவதையும் எழுதுங்கள்.

ஏன் இரவில்?

பகலில் ஆழம் குறைந்த கரைநீரில் ஒளி அடிவரை செல்கின்றது. பெரிய மீன் அங்கு வந்தால் அதன் நிழலையும் அசைவையும் சிறுமீன்கள் தூரத்திலேயே கண்டு விலகும். பெரிய மீனும் பறவைக்கும் மனிதனுக்கும் அஞ்சி ஆழத்திலேயே நிற்கும். இரவில் இந்த அச்சம் குறைகின்றது. சூடை, நெத்தலி, திரளி போன்றவை கரையோரம் திரிய, அவற்றைத் தேடிப் பாரையும் செம்பல்லியும் அலை உடையும் இடம்வரை வருகின்றன.

இருளில் மீன் எவ்வாறு இரையை அறிகின்றது? இது விஞ்ஞானப் பாடத்துடனும் தொடர்புடையது. இரவில் இரைதேடும் பல மீன்களின் கண்ணுக்குப் பின்புறம் ஒளியைத் தெறிக்கச் செய்யும் படையொன்று உண்டு. விழித்திரையைக் கடந்த மங்கல் ஒளி மீண்டும் ஒருமுறை விழித்திரைக்கு அனுப்பப்படுகின்றது. பூனையின் கண் விளக்கொளியில் மின்னுவதும் இதனாலேயே. உடலின் இருபுறமும் உள்ள பக்கக்கோட்டு உறுப்பு நீரின் சிறு அதிர்வையும் உணர்த்துகின்றது. கெளிறுக்கு இன்னொரு வசதி: அதன் மீசைகளில் சுவை உணரும் கலங்கள் உள்ளன. கலங்கிய நீரில், கும்மிருட்டில், மீசையாலேயே இரையைச் சுவைத்துக் கண்டுபிடிக்கும். ஆகையால் மழைவெள்ளம் கலந்த இரவில் தூண்டிலில் படுவது பெரும்பாலும் கெளிறாக இருப்பதில் வியப்பில்லை.

நிலவும் வற்றுப்பெருக்கும்

இலங்கைக் கரையில் நீர் நாளொன்றுக்கு இருமுறை பெருகி இருமுறை வற்றுகின்றது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடைவெளி ஏறத்தாழ 12 மணித்தியாலம் 25 நிமிடம். எனவே அதே பெருக்கு மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை அண்டி நீர்மட்ட வேறுபாடு கூடும். கூடினாலும் மேற்குக் கரையில் இது ஒரு மீற்றரை எட்டுவதில்லை. முக்கால் மீற்றருக்கும் குறைவு. இங்கிலாந்தின் சில கரைகளில் பத்து மீற்றரைத் தாண்டும் வேறுபாட்டுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘இவ்வளவு சிறிய வேறுபாடு மீனுக்கு எதற்கு?’ என்ற கேள்வி எழலாம். திறந்த கடற்கரையில் அதன் தாக்கம் சிறிதுதான். ஆனால் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றர் பரப்புள்ள களப்பின் நீர்மட்டம் ஒரு சாண் குறைந்தாலும், அவ்வளவு நீரும் ஒடுங்கிய வாய்களாலும் கால்வாய்களாலும் ஓட வேண்டும். அங்கு நீரோட்டம் வலுவாகின்றது. மீன் பார்ப்பது மட்டத்தை அன்று, ஓட்டத்தை.

நிலவைப் பற்றி ஒரு தவறான கருத்து உண்டு. அமாவாசை இரவில்தான் மீன் உண்டு, பௌர்ணமியில் இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். விளக்கொளியால் மீனைக் கவரும் முறைக்கே இது பொருந்தும். இருள் இரவில் ஒரு விளக்கைச் சுற்றி முரலும் கணவாயும் கூடும். முழுநிலவில் கடல் எங்கும் ஒளி பரவுவதால் விளக்குக்குக் கவர்ச்சி குறைகின்றது. இரையிட்ட தூண்டிலுக்கு நிலவைவிட நீரோட்டமே முக்கியம்.

இருள் இரவில் சில வேளை அலை உடையும்போது நீலப்பச்சை ஒளி மின்னுவதைக் கரையோர மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அசைக்கப்படும்போது வெளியிடும் ஒளி அது. அழகானதுதான், ஆனால் அந்த இரவில் வலையின் ஒவ்வொரு கண்ணும் மின்னுவதால் மீன் வலையைக் கண்டு விலகிவிடும்.

கரையில் நிற்பவர்

தேவையான பொருள்கள் அதிகமில்லை. தங்கூசிக் கயிறு, முள், ஈயம், இரைக்கு இறால் அல்லது சூடைத் துண்டு, ஒரு விளக்கு, ஒரு பறி. இரையைப் பொழுதுபடுமுன் வீச்சுவலையால் பிடித்துக்கொள்வார்கள். தூரம் வீசுபவரே கெட்டிக்காரர் என்று நினைக்க வேண்டாம். கரைக்கும் முதலாவது மணற்றிட்டுக்கும் இடையில் அலை தோண்டிய பள்ளம் ஒன்று பல இடங்களில் உண்டு. மீன் அந்தப் பள்ளத்தின் வழியே கரைக்குச் சமாந்தரமாகத் திரிகின்றது. பகல் வெளிச்சத்தில், நீர் வற்றிய நேரத்தில், பள்ளம் எங்கே என்று பார்த்து வைத்தவருக்கே இரவில் மீன் கிடைக்கும்.

பொருளாதார ரீதியில் இதன் பெறுமதி என்ன? தேசிய மீன் உற்பத்தியில் இதன் பங்கு மிகச் சிறிது. ஆனால் எரிபொருள் வேண்டியதில்லை என்பதை மறக்க வேண்டாம். 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அத்தகைய காலத்தில் இரண்டு கிலோ கெளிறு என்பது ஒரு வீட்டின் மறுநாள் சமையல்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெடிபொருளோ நஞ்சோ பயன்படுத்தி மீன்பிடிப்பது குற்றமாகும். கடலாமைகளும் கடற்பசுவும் பாதுகாக்கப்பட்டவை. ஆமை முட்டையிடக் கரையேறினால் விளக்கை அணைத்துவிட்டு விலகி நிற்பதே முறை.

அதே மாதம், அதே இரவு, ஆபத்தும்

கடலைத் திறந்துவிடும் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலமே இடிமின்னலின் காலமுமாகும். பகல் வெப்பத்தால் மேலெழுந்த ஈரக்காற்று பிற்பகலில் முகிலாகித் திரண்டு, மாலையிலும் முன்னிரவிலும் இடியுடன் கொட்டுகின்றது. தூண்டில்காரர் கரைக்குப் போகும் நேரமும் அதுதான். வெட்டவெளியான மணற்பரப்பில் நிற்கும் மனிதனே அங்கு உயரமான பொருள். கையில் காபன் இழைத் தடி இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அது மின்னைக் கடத்தும்.

ஒலி ஒரு கிலோமீற்றர் செல்ல ஏறத்தாழ மூன்று செக்கன் எடுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனோ குறைவோ இருந்தால், அதாவது 10 கிலோமீற்றருக்குள் என்றால், கரையை விட்டு உறுதியான கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும்வரை திரும்பக் கூடாது. தென்னை மரத்தடியில் ஒதுங்குவது வெட்டவெளியைவிடப் பாதுகாப்பானதன்று.

நவம்பரில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள் இன்னொரு ஆபத்து. 2025 நவம்பர் 28 ஆம் திகதி தித்வா சூறாவளி இலங்கையின் கிழக்குப் பகுதியில் கரை கடந்தது. 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சூறாவளி கிழக்கால் வந்தபோதிலும், மேற்கிலுள்ள புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மலைநாட்டிலும் வடமேல் மாகாணத்திலும் பெய்த மழை ஓயாக்களின் வழியே இக்கரைக்குத்தானே வந்து சேர வேண்டும்! (தித்வா என்பது யெமன் நாடு வழங்கிய பெயர், சொகோத்ரா தீவிலுள்ள ஒரு கடனீரேரியின் பெயராகும்.) முகத்துவாரத்தில் மீன் நிறைக்கும் வெள்ளமும், முகத்துவார மணற்றிட்டை அதில் நிற்பவருடன் சேர்த்து அள்ளிச் செல்லும் வெள்ளமும் ஒரே ஆற்றின் வெள்ளங்களே. எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் தூண்டில் வீட்டுக் கூரையிலேயே இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. நோயாளர் காவு வண்டிக்கு 1990.

கெளிறின் முள்ளோ திருக்கையின் வால்முள்ளோ குத்தினால் வலி கடுமையாக இருக்கும். அவற்றின் நஞ்சு வெப்பத்தால் வலுவிழக்கும் தன்மையுடையது. தோல் வேகாத, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்து, பின்னர் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

விடையெழுதும் முறை

வினா: புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் ஒக்டோபர் – நவம்பர் மாதங்களில் கரைமீன்பிடி உற்சாகமடைவதற்கான காரணம் ஒன்றை விளக்குக. (3 புள்ளிகள்)

பலர் எழுதும் விடை: ‘இக்காலத்தில் கடல் அமைதியாக இருப்பதால் மீன் அதிகம் கிடைக்கும்.’ இது தவறன்று, ஆனால் முழுமையற்றது. கடல் ஏன் அமைதியானது என்பதும், அமைதி எவ்வாறு உதவுகின்றது என்பதும் இதில் இல்லை.

திருத்திய விடை: ‘மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஒக்டோபரில் தளர்கின்றது. இதனால் மேற்குக் கரையில் நேரே மோதிய அலைகள் தணிகின்றன. எனவே தூண்டிலும் வலையும் கரையை அண்டிய நீரில் நிலைத்து நிற்க முடிகின்றது.’

பயிற்சி

கீழ்வரும் பகுதியை வாசித்து வினாக்களுக்கு விடை தருக.

உடப்புக் கரை. ஐப்பசி மாத அமாவாசை இரவு, மணி ஏழு. மாமனும் மருமகனும் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கின்றனர். முதலாவது கெளிறு பறிக்குள் விழுந்துவிட்டது. தென்கிழக்கே மின்னுகின்றது.

“மாமா, முழங்குது. போவமா, இருப்பமா?”

“மின்னின உடன எண்ணத் தொடங்கு தம்பி.”

மருமகன் பன்னிரண்டு வரை எண்ணியபோது இடி கேட்டது. மாமன் ஒன்றும் பேசாமல் தங்கூசியைச் சுற்றத் தொடங்கினார்.

1. இடி ஏற்பட்ட இடம் ஏறத்தாழ எவ்வளவு தூரத்தில் உள்ளது? (ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் எனக் கொள்க.)

2. மாமனின் முடிவு சரியானதா? காரணம் தருக.

3. அன்றிரவு நீர்ப்பெருக்கு அதிகாலை 2.10 க்கு எனின், மூன்று இரவுகளின் பின்னர் அதே பெருக்கு ஏறத்தாழ எத்தனை மணிக்கு நிகழும்?

4. அன்று தூண்டிலில் கெளிறு பட்டதற்கும் அதற்கு முந்திய நாள் பெய்த மழைக்கும் உள்ள தொடர்பை இரண்டு வாக்கியங்களில் எழுதுக.

5. இதே மாதத்தில் திருகோணமலைக் கரையில் கடலின் நிலை எவ்வாறு மாறத் தொடங்கியிருக்கும்? காற்றின் திசையைக் குறிப்பிட்டு விளக்குக.

விடைகள்: (1) 12 × 340 = 4080 மீற்றர்; ஏறத்தாழ 4 கிலோமீற்றர். (2) சரி, 10 கிலோமீற்றருக்குள் இருப்பதால் அடுத்த மின்னல் கரையிலேயே விழக்கூடும். (3) 3 × 50 = 150 நிமிடம் பிந்தும்; அதிகாலை 4.40. (4), (5) ஆகியவற்றுக்கான குறிப்புகள் பாடத்தில் உள்ளன. ஐந்தாவது வினாவுக்கு, இலங்கைப் படமொன்றை வரைந்து அம்புக்குறிகளால் காற்றின் திசையைக் காட்டிய பின்னர் எழுதத் தொடங்குங்கள்.